மன்றத்தை மாணவியரிடம் கொடுங்கள்

கொடைக்கானல் அட்டுவம்பட்டியில் இயங்கும் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம், 1984-இல் தமிழக அரசு பெண்களுக்கென்றே நிறுவியது. வத்தலக்குண்டு வழியாகவோ பழனி வழியாகவோ மலையேறி வந்து, விடுதியில் தங்கிப் படிக்கும் சமவெளிப் பெண்ணுக்கு முதல் பருவத்தில் ஊரும் புதிது, குளிரும் புதிது. அவளுக்குக் கைகொடுக்க வேண்டியது துறை மன்றம்.

ஆனால் நம் கல்லூரிகளில் துறை மன்றம் என்றால் என்ன? குத்துவிளக்கு, பொன்னாடை, சிறப்பு விருந்தினர் உரை, நினைவுப் பரிசு, நன்றியுரை. மாணவர்களின் பங்கு பெரும்பாலும் நாற்காலிகளை நிரப்புவதோடு சரி.

மூத்த மாணவர்களின் கொடுமையைத் தடுக்க 1997-இல் தமிழகம் பகடிவதைத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. புதியவர்களை வரவேற்க, பல்கலைக்கழக மானியக் குழு ‘தீக்ஷாரம்ப்’ என்ற மூன்று வார அறிமுகத் திட்டத்தை வகுத்தது. சட்டம் அச்சத்தைக் குறைக்கும். அறிமுக வாரங்கள் முகங்களைக் காட்டும். மூத்தவரும் இளையவரும் சேர்ந்து உழைக்க ஒரு வேலை இருந்தால்தான் உறவு நிலைக்கும். அந்த வேலையை மன்றம் தரலாம்.

கேம்பிரிட்ஜ் கணித மாணவர்கள் 1935-இல் ‘ஆர்க்கிமிடியன்ஸ்’ சங்கத்தைத் தொடங்கி, ‘யுரேக்கா’ இதழையும் தாங்களே நடத்தினார்கள். இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்துக்கு ‘இளங்கதிர்’ என்ற இதழ் அமைந்தது.

கொடைக்கானலில் செய்வதற்கு வேலையா இல்லை? 1909-இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு ஓட்டத்தைக் கண்டறிந்த வான்நோக்கு நிலையம் இந்த ஊரில்தான் இருக்கிறது. பழனிமலையின் கல்திட்டைகளைப் பற்றி ஆங்லேட் பாதிரியாரும் நியூட்டனும் எழுதிய நூல் 1928-இல் வெளிவந்தது. தாண்டிக்குடிப் பக்கம் அக்கற்களைப் பார்த்து வர வரலாற்று மாணவியருக்குப் பேருந்துக் கட்டணமும் கட்டுச்சோறும் போதும். அவர்களே திட்டமிட்டு, அவர்களே எழுதி, அடுத்த ஆண்டு வருவோருக்குக் குறிப்பேட்டை ஒப்படைக்கலாம்.

படிப்பு முடிந்து போகிறவர்களை நம்பி அமைப்பு நடத்த முடியுமா என்று கேட்பார்கள். சென்னையில் 1988-இல் உருவான மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு, தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் கைமாறியும் கடற்கரையில் இரவு நடை நடந்து ஆமை முட்டைகளைக் காத்து வருகிறது.

அரசியல் நுழைந்துவிடும் என்பது இன்னொரு அச்சம். சென்னை ஐஐடியில் 2015 மே மாதம் அம்பேத்கர் பெரியார் வாசிப்பு வட்டம் என்ற மாணவர் குழுவின் அங்கீகாரத்தை நீக்கினார்கள். எதிர்ப்பு வலுத்ததும் ஜூன் மாதமே திருப்பிக் கொடுத்தார்கள். வாதத்தைத் தடுக்கப் போனதால் அது நாடெங்கும் பரவியதுதான் மிச்சம். சாதியும் ஊரும் பார்த்துக் குழு சேர்வது விடுதிகளில் ஏற்கெனவே நடப்பதுதான். பாடத்தின் பெயரால் எல்லோரும் சேரும் மன்றம் அதற்கு மாற்று.

துறைத் தலைவர்கள் வரும் கல்வியாண்டில் ஒன்று செய்யலாம். மன்றப் பொறுப்பாளர்களை மாணவியரே தேர்ந்தெடுக்கட்டும். விழாவுக்குச் செலவழிக்கும் தொகையில் பாதியை அவர்கள் கையில் கொடுங்கள். கணக்கை மட்டும் கேளுங்கள்.