லேயாளின் மோதிரம்

சேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தைக் கற்கும் மாணவர் ஷைலொக்கைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவர். போர்சியாவின் வாதத்திறனை வியந்து போற்றுவர். ஷைலொக்கின் ஒரே மகளாகிய ஜெசிக்காவுக்கு அவர்கள் ஒதுக்குவது பெரும்பாலும் நான்கு வரிகளே. ஆயினும், பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கிருந்து சிந்திக்கத்தக்க கதை அவளுடையதே.

இந்நாடகம் 1600ஆம் ஆண்டில் முதன்முதலாக அச்சேறியது. இங்கிலாந்திலிருந்து யூதர் 1290இலேயே வெளியேற்றப்பட்டிருந்தனர். வெனிஸ் நகரிலோ 1516 முதல் அவர்கள் தனிக் குடியிருப்பொன்றில் ஒதுக்கப்பட்டு, இரவில் வாயிற்கதவுகள் அடைக்கப்பட வாழ்ந்தனர். ஆகவே, யூதன் மகள் கிறித்தவ இளைஞனோடு ஓடிப்போவதைக் கண்ட அக்கால அரங்கினர் மகிழ்ந்திருப்பர் என்பதில் வியப்பில்லை. அறுபது இலட்சம் யூதர் ஹிட்லரின் ஆட்சியில் கொல்லப்பட்டமையை அறிந்த நாம் அவ்வாறு எளிதில் மகிழ்தல் இயலாது.

தாயற்ற அப்பெண்ணுக்குத் தன் வீடே நரகமாகத் தோன்றுகின்றது. இரவு விருந்துக்குப் புறப்படும் தந்தை திறவுகோல்களை அவளிடம் ஒப்புவித்து, வீதியில் வாத்திய ஒலி கேட்பினும் எட்டிப் பாராதே, சாளரங்களை அடைத்துவிடு என்று பணிக்கின்றான். அன்றிரவே அவள் ஆணுடை தரித்து, பொன்னும் மணியும் எடுத்துக்கொண்டு, லொரென்சோவுடன் போய்விடுகின்றாள். தந்தையின் வீட்டை வெறுத்தவள் தந்தையின் சமயத்தையும் அவ்வீட்டோடு சேர்த்தே துறந்தாள்.

பின்னர் ஷைலொக்குக்குச் செய்தி வருகின்றது. மகள் ஜெனோவாவில் ஒரே இரவில் எண்பது டக்கட் பொற்காசுகளைச் செலவிட்டாளாம். ஒரு மோதிரத்தைக் கொடுத்துக் குரங்கொன்றை வாங்கினாளாம். அம்மோதிரம், அவன் மணமாகாதிருந்த நாளில் லேயாள் அவனுக்குக் கொடுத்தது. லேயாளே ஜெசிக்காவின் தாய் என்பர் கற்றோர். இழந்த நகைகள் மீளுமாயின் மகள் தன் காலடியில் இறந்து கிடப்பினும் நன்று என்று சபித்த அதே மனிதன், இம்மோதிரத்தை எண்ணி நெஞ்சுருகுகின்றான். அவனுக்கும் ஓர் இளமை இருந்தது; காதல் இருந்தது. அதனை அவன் மகளுக்கு என்றேனும் சொன்னதாக நாடகத்தில் ஓரிடத்தும் இல்லை.

போர்சியாவும் தந்தையின் கட்டளைக்கு உட்பட்டவளே. இறந்துபோன தந்தை விதித்தபடி, பேழைகள் மூன்றனுள் உரியதைத் தெரிந்தவனையே அவள் மணக்கின்றாள், இன்பமும் எய்துகின்றாள். ஜெசிக்காவின் நிலை அத்துணைத் தெளிவானதன்று. இறுதிக் காட்சியில், பெல்மொண்டின் நிலவொளியில் அவளும் கணவனும் பண்டைக் காதலரை நினைவுகூர்கின்றனர். கிரெசிடா, திஸ்பி, டைடோ. எவர் காதலும் நன்கு முடிந்ததில்லை. இனிய இசை தன்னை மகிழ்விப்பதில்லை என்பதே அவள் கடைசியாகச் சொல்லும் சொல். நீதிமன்றத்தில் ஷைலொக் மதம் மாறப் பணிக்கப்பட்டான்; அவன் இறந்தபின் உடைமை யாவும் மகளுக்கும் மருமகனுக்கும் சேரும் என்ற பத்திரம் அவர்கள் கைக்கு வருகின்றது. லொரென்சோ மகிழ்ந்து நன்றி கூறுகின்றான். ஜெசிக்கா வாய் திறப்பதில்லை.

அந்த மௌனத்திற்குப் பொருள் காண்பது நம் பொறுப்பு. சாளரத்தை அடைத்த தந்தை மகளைக் காக்கவில்லை. மோதிரத்தை விற்ற மகளும் தான் விற்றது யாதென அறிந்தாளில்லை. பிள்ளைகளிடம் திறவுகோலைக் கொடுக்கும் பெற்றோர், பேழைக்குள் இருக்கும் மோதிரத்தின் கதையையும் சொல்லிவைத்தல் வேண்டும். கதை அறிந்த பிள்ளை வீட்டைவிட்டுப் போனாலும் அதனைக் குரங்குக்கு விற்க மனம் ஒருப்படாது.