லே பேருந்துக்கு ஸ்னார்க்கல் கிடையாது

கோவையில் கார் உதிரிபாகக் கடைகள் நெருங்கி நிற்கும் தெரு ஒன்றில் அண்மையில் ஒரு கறுப்பு மஹிந்திரா தார் நின்றிருந்தது. முன்னால் கனத்த இரும்பு பம்பர், அதற்குள் சிக்கிய வண்டியை இழுத்தெடுக்கும் விஞ்ச், கூரையில் மடித்து வைத்த டென்ட், எஞ்சினுக்கு மேலிருந்து காற்று இழுக்க பானட் பக்கத்திலிருந்து கூரைவரை ஏறும் ஸ்னார்க்கல் குழாய். விஞ்ச் கொக்கியில் கடைக்காரர் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கப்படவில்லை. வண்டி வாங்கி மூன்று வருடம் ஆகிறது. "சஸ்பென்ஷன் வேலை மட்டுந்தானுங்ணா பாக்கி. அது முடிஞ்சுதுன்னா அடுத்த வருசம் ஸ்பிதி போயிரலாமுங்க" என்று பட்டறைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார் உரிமையாளர். போன வருடம் பாக்கி இருந்தது கூரை டென்ட். அதற்கு முந்தைய வருடம் டயர். இத்தனை செலவுக்குப் பிறகும் அந்த வண்டி ஏறிய அதிகபட்ச உயரம் ஊட்டி.

வண்டியை முழுசாகத் தயார் செய்த பிறகுதான் மலைக்கும் காட்டுக்கும் பாலைக்கும் கிளம்ப வேண்டும் என்ற நம்பிக்கை, ஃபோர் பை ஃபோர் வாங்கியவர்களிடையே தொற்றுபோலப் பரவியிருக்கிறது. நல்ல வேலையில் இருப்பவர்கள், கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் யோசிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். வண்டி தயாராகும், ஆள் கிளம்புவதில்லை. ஒரு சாமான் வந்ததும் அடுத்த சாமானின் பெயர் காதில் விழுகிறது.

இந்த நம்பிக்கையை உடைக்க ஒரு பேருந்து போதும்.

கோடை மாதங்களில் இமாச்சலப் பிரதேச அரசுப் போக்குவரத்துக் கழகம் டெல்லியிலிருந்து லே வரை ஒரு பேருந்தை ஓட்டுகிறது. 1,000 கிலோமீட்டருக்கும் மேல். சொகுசு வண்டி அல்ல, ஏ.சி. கிடையாது, நம்மூர் புறநகர்ப் பேருந்து மாதிரி ஜன்னல் தடதடக்கும் சாதாரண வண்டி. பின்சக்கரங்கள் மட்டுமே இழுக்கும். அது பாரலாச்சா லா, நகீ லா, லாச்சுங் லா ஆகிய கணவாய்களைக் கடந்து, 17,000 அடிக்கும் மேலே இருக்கும் தங்லங் லா ஏறி இறங்குகிறது. வழியில் சாலையைக் குறுக்கறுத்து உருகிய பனிநீர் ஓடும். தார் போட்ட சாலை திடீரென்று முடிந்து கல்லும் புழுதியுமாக நீளும். அதன் கூரையில் இருப்பது பயணிகளின் மூட்டை முடிச்சுகள். விஞ்ச் இல்லை, வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் இல்லை, ஸ்னார்க்கல் இல்லை. உள்ளே காய்கறி மூட்டையோடு ஒரு கிழவி உட்கார்ந்திருப்பார், வீட்டுக்குப் போவதற்காக.

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியை வைத்துக்கொண்டு, அந்தக் கிழவி பேருந்தில் போகிற சாலைக்குத் தன் வண்டி இன்னும் தயாராகவில்லை என்று ஒருவர் சொன்னால், அது வெறும் சாக்கு.

தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இந்த வண்டிகளால் என்ன முடியும் என்று வாங்கியவர்களே பார்ப்பதில்லை. 2020 அக்டோபரில் விற்பனைக்கு வந்த தாருக்குத் தரையிலிருந்து 226 மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. 650 மில்லிமீட்டர் ஆழ நீரைக் கடக்கும் என்று நிறுவனமே சொல்கிறது. இரண்டடிக்கும் மேல் அது. ஓடும் நீர் இரண்டடி இருந்தாலே பெரும்பாலான கார்களை இழுத்துப் போய்விடும். அதற்கும் ஆழமான ஆற்றில் வண்டியை இறக்குபவருக்குத் தேவைப்படுவது மூளை. ஸ்னார்க்கல் அங்கே உதவிக்கு வராது. எஞ்சின் காற்றை மேலிருந்து இழுத்துக்கொண்டிருந்தாலும், வண்டி மிதக்கத் தொடங்கியபின் அந்தக் காற்றால் யாருக்கும் பயனில்லை.

எடைக் கணக்கு இதைவிட மோசம். 2023-ல் இந்தியாவுக்கு வந்த ஐந்து கதவு மாருதி ஜிம்னியை எடுத்துக்கொள்ளலாம். வெறும் வண்டியின் எடை சுமார் 1,210 கிலோ. ஆளும் சாமானும் சேர்த்து இருக்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 1,545 கிலோ. மிச்சம் 335 கிலோ. ஆளுக்கு 70 கிலோ வீதம் நான்கு பேர் ஏறினால் 280 போய்விடும். கையில் இருப்பது 55 கிலோ. கூரை டென்ட் ஒன்று மட்டுமே 50 முதல் 70 கிலோ வரும். தண்ணீர், அடுப்பு, துணிமணி எதையும் வைப்பதற்கு முன்பே கணக்கு முடிந்துவிட்டது. இதற்கு மேல் இரும்பு பம்பர், விஞ்ச், ஃபிரிட்ஜ், ஜெர்ரி கேன் என்று ஏற்றிக்கொண்டே போகிறார்கள். பிறகு வண்டி மலையேறத் திணறுகிறது, வளைவில் சாய்கிறது, பிரேக் பிடிக்கத் தாமதமாகிறது. உடனே எஞ்சினுக்கு ரீமேப், புது ஸ்பிரிங், பெரிய பிரேக் என்று அடுத்த பட்டியல் தயார். தானே ஏற்றிய பாரத்தைத் தாங்க வைப்பதற்காகத் தானே மறுபடியும் பணம் கட்டுகிறார் வண்டிக்காரர். டெல்லி–லே பேருந்தின் ஓட்டுநர் இந்தத் தவறைச் செய்ய மாட்டார். கூரையில் எவ்வளவு ஏற்றினால் எந்த வளைவில் வண்டி ஆடும் என்று அவருக்குத் தெரியும். அந்தச் சாலையில் ஓட்டியே கற்றுக்கொண்டார்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பலருக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் கண்டுகொள்வதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி உரிமையாளர் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். புல் பார் எனப்படும் முன்பக்க இரும்புத் தடுப்புகளை அகற்றச் சொல்லி மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது 2017 டிசம்பரில். மோதலின்போது ஏர்பேக் சரியான நேரத்தில் விரியாமல் அது கெடுக்கக்கூடும், நடந்து போகிறவர் மேல் இடித்தால் அவர் பிழைப்பது அரிது என்பதெல்லாம் காரணங்கள். இத்தனைக்குப் பிறகும் 'சார், இது பாதுகாப்புக்கு' என்று சொல்லியே விற்கிறார்கள். வாங்குகிறவரும் தன் குழந்தைகளை அந்த வண்டியில் உட்கார வைக்கிறார்.

எல்.இ.டி. பார் விளக்குகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பாலைவனத்தில், எதிரே ஆளே இல்லாத இரவில் பயன்படுத்த வேண்டிய விளக்கை வால்பாறைச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் எரித்துக்கொண்டு வருகிறார்கள். எதிரே வரும் இருசக்கர வாகனக்காரருக்கு இரண்டு மூன்று நொடிகள் சாலையே தெரியாது. அந்தப் பக்கம் பள்ளம். வண்டியை ஒரு தடவைகூடக் காட்டுக்குக் கொண்டு போகாதவர், காட்டுக்கான விளக்கை ஊருக்குள் எரித்து மற்றவர் உயிரோடு விளையாடுகிறார்.

போகிறவர்களிலும் சிலர் எதற்காகப் போகிறார்கள்? 2023 கிறிஸ்துமஸ் சமயத்தில் லாஹௌல் பகுதியில் போக்குவரத்து நெரிசலிலிருந்து தப்பிக்க ஒருவர் தாரைச் சந்திரா நதிக்குள்ளேயே இறக்கி ஓட்டினார். அந்த வீடியோ நாடு முழுதும் பரவியது. போலீஸ் அபராதம் விதித்தது. அதற்கு முந்தைய ஆண்டு பாங்கோங் ஏரிக்குள் கார் ஓட்டிய கூட்டத்தின் வீடியோவும் இப்படித்தான் வந்தது. வண்டிக்குச் செலவழித்த பணத்துக்குக் காட்சி வேண்டும் என்ற வெறிதான் அது. லடாக்கின் ஏரிக்கரைகளில் பறவைகள் கூடு கட்டுகின்றன என்பது அவர்கள் பார்த்த யூடியூப் காணொளிகளில் வரவில்லை. பாகங்கள் விற்கும் கடையின் தள்ளுபடிக் குறியீடு வந்தது. விளம்பரம் என்று சொல்லாமலே விளம்பரம் செய்யும் அந்தக் காணொளிக்காரர்களுக்கு இந்த மூடநம்பிக்கையில் பெரும் பங்கு உண்டு. இலவசமாக வந்த சாமானை மாட்டிக்கொண்டு, இது இல்லாமல் மலைக்குப் போகாதீர்கள் என்று சொல்கிறார்கள்.

மலையில் முதலில் கைவிடுவது பெரும்பாலும் மனித உடல். 2,500 மீட்டருக்கு மேல் போனாலே சிலருக்குத் தலைவலி, வாந்தி, தூக்கமின்மை தொடங்கும். மணாலியிலிருந்து கிளம்பி அதே நாளில் சுமார் 4,300 மீட்டர் உயரத்திலுள்ள சர்ச்சுவில் டென்ட் போட்டுப் படுப்பவர்கள் இரவெல்லாம் மூச்சுக்குத் தவிக்கிறார்கள். லட்சக்கணக்கில் சஸ்பென்ஷனுக்குக் கொடுத்தவர் உடல் பழக இரண்டு நாள் கொடுப்பதில்லை. அந்த அரசுப் பேருந்து முன்பெல்லாம் எங்கே இரவு தங்கியது என்று பார்த்திருந்தாலே விளங்கியிருக்கும்: கேலாங்கில். சர்ச்சுவைவிட ஆயிரம் மீட்டருக்கும் மேல் தாழ்வான ஊர். மறுநாள் விடியும் முன்பே கிளம்பி, கணவாய்களைப் பகலில் கடந்து, மாலைக்குள் லேயில் இறங்கிவிடும்.

கூன்டர் ஹோல்டோர்ஃப் என்ற ஜெர்மானியர் தன் மெர்சிடிஸ் 300 ஜி.டி. ஜீப்பில் 1980-களின் இறுதியில் கிளம்பி 2014 வரை உலகைச் சுற்றினார். ஏறத்தாழ 9 லட்சம் கிலோமீட்டர். அந்த வண்டிக்கு 'ஓட்டோ' என்று பெயர். எஞ்சின் 88 குதிரைத்திறன், ஏ.சி. கிடையாது. அவரும் மனைவி கிறிஸ்டினும் பின்பக்கத்தில் மெத்தை விரித்துத் தூங்கினார்கள், சாலையோரம் சமைத்தார்கள். உதிரிபாகங்களைக் கூடவே எடுத்துப் போனார், தன் கையாலேயே பழுது பார்த்தார், வேகத்தைக் கட்டுக்குள் வைத்தார். இன்று ஓட்டோ ஸ்டுட்கார்ட்டில் உள்ள மெர்சிடிஸ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. கோவையில் பிளாஸ்டிக் உறையோடு நிற்கும் தாரின் குதிரைத்திறன் அதைவிட அதிகம்.

தொலைவுக்கே போக வேண்டாம். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு விடியற்காலையில் பயணிகளை ஏற்றிப் போகும் ஜீப்புகளை எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள். பல வருடம் ஓடிய பழைய மஹிந்திரா ஜீப்புகள். பாறையும் பள்ளமுமான பாதையில், இருட்டில், பின்னால் ஆட்களை உட்கார வைத்துக்கொண்டு ஏறுகின்றன. அந்த ஓட்டுநர்களின் திறமை காலிலும் கையிலும் இருக்கிறது. எந்தப் பாறையில் எந்தச் சக்கரத்தை வைப்பது, எப்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுப்பது என்பதை எந்தக் கடையிலும் பார்சலாகத் தர மாட்டார்கள். புதுத் தாரில் வந்தவர் வண்டியைக் கீழேயே நிறுத்திவிட்டு, காசு கொடுத்து அந்த ஜீப்பில் ஏறிப் போவதும் நடக்கிறது.

சரி, எதுவுமே மாட்டக் கூடாதா? நல்ல டயர் வேண்டும். அளவில் குறையாத ஸ்டெப்னி, நம்பகமான ஜாக்கி, கயிறு, காற்றடிக்கும் சின்ன பம்ப், முதலுதவிப் பெட்டி, கூடுதல் தண்ணீர் வேண்டும். மணலில் சிக்கினால் டயர் காற்றைப் பாதியளவுக்கு இறக்கினால் போதும், பெரும்பாலும் வண்டி தானே வெளியே வந்துவிடும். அதற்குச் செலவு ஒரு பைசா இல்லை. இரண்டு மூன்று முறை வெளியே தங்கிய பிறகு உண்மையான குறை எது என்று தானாகவே தெரியும். பெரும்பாலானவர்களுக்கு அது சமையல் சாமானை ஒழுங்காக வைக்க ஒரு பெட்டியாகவோ, குளிருக்கு நல்ல படுக்கையாகவோதான் இருக்கும். அப்போது வாங்கட்டும். போகாமலே வாங்குகிற பொருளில் பாதி அலமாரிக்குத்தான் போகிறது.

இந்த ஃபோர் பை ஃபோர் கூட்டம் குரல் கொடுக்க வேண்டிய இடம் வேறு இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒரு குடும்பம் வண்டியை நிறுத்தி, சட்டப்படி, பாதுகாப்பாக, குறைந்த கட்டணத்தில் கூடாரம் போட்டுத் தங்க எத்தனை இடங்கள் இருக்கின்றன? கழிப்பறை, குடிநீர், குப்பைத் தொட்டி, தீ மூட்ட ஒதுக்கிய இடம், இவ்வளவுதான் தேவை. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன, பதிவு செய்து நடக்கும் பாதைகளும் வந்திருக்கின்றன. காரில் வந்து தங்குபவர்களுக்கு அப்படி ஒரு ஏற்பாட்டைக் கேட்டு, லட்சங்களை பம்பரில் போட்ட இந்த உரிமையாளர் குழுக்கள் அரசிடம் மனுக் கொடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹோட்டல் வாசலில் வண்டிகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் அந்த மனுவை எழுதி முடித்துவிடலாம்.

மணாலி–லே சாலை வருடத்தில் சில மாதங்களே திறந்திருக்கும். அந்த மாதங்களில் பட்டறையில் நிற்கும் வண்டிக்கு அந்த வருடம் போனதுதான். விடுப்பும் பணமும் இருப்பவர்கள் அடுத்த சாமானுக்கான ஆர்டரை ரத்து செய்துவிட்டு, அந்தப் பணத்துக்கு டீசல் போடட்டும். அவ்வளவு தூரம் முடியாதவர்கள் இந்த வார இறுதியில், வண்டி இப்போது இருக்கிற நிலையிலேயே, அனுமதி உள்ள ஓர் இடத்தில் ஒரு இரவு தங்கிவிட்டு வரட்டும்.