கைகழுவினால் பழி போகுமா?

சென்ற பெரிய வெள்ளியன்று மான்குர்டில் ரயில் இறங்கி, அணுசக்தி நகர் நோக்கி நடந்துகொண்டிருந்தேன். உடன் வந்த நண்பர் கேட்டார்: "இயேசுவைக் கொன்றவர்கள் யூதர்கள்தானே? அதற்கு நீங்கள் ஏன் மார்பில் தட்டிக்கொண்டு அழுகிறீர்கள்?"

நண்பர் சொன்ன பழி மிகப் பழையது. அதைச் சொல்லியே ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்கில் யூதர்களை விரட்டினார்கள், கொன்றார்கள். 1965 அக்டோபர் 28-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், அன்று வாழ்ந்த யூதர் எல்லோர் மீதோ இன்றைய யூதர் மீதோ அப்பழியைச் சுமத்தலாகாது என்று தெளிவாக அறிவித்தது. இதே மும்பையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் பெனே இஸ்ரேல் மக்களை அறிந்தவர்களுக்கு அதன் நியாயம் விளங்கும்.

அப்படியானால் குற்றவாளி யார்? திரெந்து சங்கத்தின் ஆணைப்படி 1566-ல் வெளிவந்த மறைக்கல்வி நூல் பதில் சொல்கிறது: பாவம் செய்யும் ஒவ்வொருவரும் பொறுப்பாளியே. அதிலும் இயேசுவை அறிந்திருந்தும் பாவம் செய்யும் கிறிஸ்தவர்களுக்குப் பொறுப்பு அதிகம். பெரிய வெள்ளி வழிபாட்டில் பாடுகளின் வரலாறு வாசிக்கப்படும்போது, சிலுவையில் அறையச் சொல்லிக் கூவும் கூட்டத்தின் பகுதியைப் பல கோயில்களில் மக்களே சேர்ந்து சொல்வது இதனால்தான் பொருத்தமாக இருக்கிறது.

எனக்கு அந்த வரலாற்றில் மிகவும் தெரிந்த முகம் பிலாத்துதான். யூதேயாவின் ரோம ஆளுநன். குற்றமில்லை என்று தெரிந்தும் கூட்டத்துக்குப் பயந்து, தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கைகழுவினான். குமாஸ்தாக்களாகிய நமக்கு இது தெரியாத வேலையா? "மேலிடத்து உத்தரவு", "என் செக்‌ஷன் இல்லை", "நாளைக்கு வாங்க" என்பதெல்லாம் அந்தத் தண்ணீர்தான்.

ஒரு நாள் கவுன்ட்டர் மூடும் நேரத்தில், எழுதத் தெரியாத தமிழ் அம்மா ஒருவர் பாரத்துடன் வந்து நின்றார். ஐந்து நிமிட வேலை. நான் கடிகாரத்தைக் காட்டி அனுப்பிவிட்டேன். மறுநாள் கூலியை விட்டுவிட்டு மீண்டும் வந்தார். நான் விதி எதையும் மீறவில்லை. ஆனாலும் அந்தக் கூலி போனதற்கு நானே பொறுப்பு.

பொறுப்பை ஏற்பது என்றால் அழுதுகொண்டே இருப்பதென்று பொருளில்லை. மறுதலித்த பேதுரு அழுதார், திருந்தினார், பின்னர் மற்றவர்களைத் தாங்கினார்.

நண்பரிடம் இதையே சொன்னேன். எந்த மதத்தவரானாலும், இரவு படுக்குமுன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாம்: இன்று யாரை வீணாகத் திருப்பி அனுப்பினேன்? பெயர் நினைவுக்கு வந்தால், நாளைக் காலை முதல் வேலை அவருடையதாக இருக்கட்டும்.