கைமாறும் துப்பாக்கியும் கம்பி எண்ணும் ஏழையும்

மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் காலம் வந்துவிட்டால் பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் உழவனுக்குத் தூக்கம் கிடையாது. இரவோடு இரவாகக் காட்டுப்பன்றிக் கூட்டம் புகுந்து கொல்லையைச் சூறையாடிவிட்டுப் போகிறது. கடன் வாங்கி விதைத்தவன் வயிற்றில் அடித்துக்கொள்கிறான். அந்த நேரம் பார்த்து ஒருவன் வந்து காதில் ஓதுகிறான்: “என்னிடம் நாட்டுத் துப்பாக்கி ஒன்று சும்மா கிடக்கிறது. காசைக் கொடுத்து எடுத்துக்கொள். நமக்குள் என்ன எழுத்து, பத்திரம்?”

இந்தப் பேச்சில் மயங்காதீர்கள் என்று எச்சரிக்கவே எழுதுகிறோம்.

மாட்டைச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசலாம். துப்பாக்கியை அப்படி விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. ஒரு தனி மனிதர் இன்னொருவருக்குத் துப்பாக்கி விற்பதை 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் அடியோடு தடுத்துவிடவில்லை. அதன் 5-வது பிரிவு வழி விடுகிறது. ஆனால் அது மிகக் குறுகிய வழி. விற்பவர் அதைச் சட்டப்படி சொந்த உபயோகத்திற்கு வைத்திருப்பவராக இருக்க வேண்டும். வாங்குபவருக்கும் அதை வைத்துக்கொள்ளும் உரிமை, அதாவது லைசென்ஸ், இருக்க வேண்டும். யாருக்கு விற்கிறோம், அவர் விலாசம் என்ன என்பதை ஜில்லா மாஜிஸ்திரேட்டுக்கோ, பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கோ முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகே துப்பாக்கி கை மாறலாம்.

மீறினால் என்ன? 2019-ல் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கூட்டிவிட்டார்கள். சட்டவிரோதமாக விற்றால் குறைந்தது 7 வருஷம், ஆயுள் வரையும் போகலாம். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி வீட்டில் இருந்தாலே 2 முதல் 5 வருஷம். “பாட்டன் காலத்துத் துப்பாக்கி, பரணில் கிடந்தது” என்பது கோர்ட்டில் எடுபடாது. லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால் வாரிசுகள் தாமதமின்றித் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனிலோ, லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும்.

விவசாயத் தொழிலாளத் தோழர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். “என் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் காவல் இரு” என்று பண்ணையார் சொல்வார். லைசென்ஸ் அவர் பெயரில். துப்பாக்கி உங்கள் கையில். முறைப்படி உங்கள் பெயர் லைசென்ஸில் ஏறாதிருந்தால் பிடிபடுகிறவர் நீங்கள்தான். கூலிக்குக் காவல் போனவன் ஜெயிலுக்குப் போக வேண்டுமா?

லைசென்ஸே இருந்தாலும் பன்றியை இஷ்டப்படி சுட முடியாது. 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் குறுக்கே நிற்கிறது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடலாம் என்று தமிழக சர்க்கார் 2025-ல் அறிவித்தது. சுடுவது வனத்துறை, உழவன் அல்ல. ஆக, அந்தக் கள்ளத் துப்பாக்கி பயிரைக் காக்கப் போவதில்லை. குடும்பத்தைத்தான் அழிக்கும்.

துப்பாக்கிக்குக் கட்டுப்பாடே வேண்டாம் என்பது நம் கட்சியல்ல. வெள்ளைக்காரன் 1878-ல் போட்ட ஆயுதச் சட்டம் ஐரோப்பியனுக்கு விலக்கு அளித்து, இந்தியனை நிராயுதபாணியாக்கியது. 1930-ல் காந்தியடிகள் முன்வைத்த பதினொரு கோரிக்கைகளில் துப்பாக்கி லைசென்ஸும் ஒன்று. அந்த அநியாயம் வேறு. ஆனால் 1968-ல் கீழ்வெண்மணிக்கு வந்த கும்பலின் கையில் துப்பாக்கிகள் இருந்தன. 44 உயிர்கள் குடிசைக்குள் வெந்தன. துப்பாக்கி தாராளமாகப் புழங்கும் இடத்தில் அது முதலில் குறிவைப்பது யாரை என்று நமக்குத் தெரியும். ஆகவே கட்டுப்பாடு தேவை. வக்கீல் வைத்துக்கொள்ள வசதியுள்ளவனுக்கு மட்டுமே புரிகிற கட்டுப்பாடு ஏழைக்குக் கண்ணி. அதைத்தான் எதிர்க்கிறோம்.

நரிக்குறவ மக்களைப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாக வேட்டையே பிழைப்பு. வேட்டை குற்றமானபோது, மாற்றுப் பிழைப்புக்கு நிலமும் தொழிலும் யார் கொடுத்தார்கள்? 2023-ல்தான் பழங்குடிப் பட்டியலிலேயே இடம் கிடைத்தது. இன்று பாசிமணி விற்று வாழ்கிற அவர்களைத் துப்பாக்கி என்ற பேச்சு எழுந்ததும் முதலில் சந்தேகிப்பது என்ன நியாயம்?

நாம் கேட்பது இதுதான். துப்பாக்கி விற்பனை, வாரிசு, ஒப்படைப்பு விதிகளைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு பஞ்சாயத்து ஆபீசிலும் ரேஷன் கடையிலும் ஒட்டுங்கள். பழைய துப்பாக்கியைத் தானாக முன்வந்து கொடுக்கிறவர்மேல் வழக்குப் போடாமல் ரசீது கொடுங்கள். பன்றி அழித்த பயிருக்கு நஷ்டஈட்டைப் பட்டா யார் பெயரில் என்று பாராமல், பயிரிட்ட குத்தகைக்காரன் கையில் கொடுங்கள். அது கைக்கு வந்தால் கள்ளத் துப்பாக்கியை யார் தேடப் போகிறார்?

தோழர்களே! சிமெண்ட் ஆலை வாசலிலும், களத்துமேட்டிலும், சங்கக் கூட்டத்திலும் இதைப் படித்துக் காட்டுங்கள். துப்பாக்கி விற்க வருகிறவனைத் திருப்பி அனுப்புங்கள். நஷ்டஈடு கேட்டுக் கலெக்டர் ஆபீசுக்கு ஒன்றாகப் போங்கள்.