உண்கலம்

நாம் உண்ணும் உணவைப் பற்றிப் பலரும் பேசுவர். அவ்வுணவை ஏந்தி நிற்கும் கலத்தைப் பற்றி எண்ணுபவர் சிலரே. அழகுக்காக நிலைப்பேழையில் வைத்துள்ள பொம்மையை நாம் எப்போதோ ஒருமுறை எடுத்துப் பார்க்கிறோம். உண்கலத்தையோ ஓர் ஆண்டில் ஆயிரம் முறை கையில் எடுக்கிறோம். ஆதலால், கைவினைஞரின் சிறந்த திறன் முதலில் சென்று சேர வேண்டிய இடம் அன்றாட உண்கலமே என்பது என் கருத்து.

இக்கருத்து நம் நாட்டிற்குப் புதியதன்று. சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் இயற்றிய பெரியபுராணத்தில், தில்லையாகிய சிதம்பரத்தில் வாழ்ந்த திருநீலகண்டரின் வரலாறு கூறப்படுகிறது. அவர் குயவர், மட்கலம் வனைந்து வாழ்ந்தவர், சிவனடியார் உணவேற்று உண்பதற்குத் திருவோடு செய்து அளிப்பதையே தம் தொண்டாகக் கொண்டவர். சிவயோகி வடிவில் வந்த இறைவன் அவரிடம் ஓர் ஓட்டைக் காத்துவைக்குமாறு கொடுத்து, பின்னர் அதனை மறையச் செய்து, திரும்பக் கேட்டாராம். வேறு நல்ல ஓடு தருவதாகக் குயவர் வேண்டினார். பொன்னால் செய்த ஓட்டைத் தந்தாலும் தாம் கொள்வதில்லை என்றார் யோகியார். மண்ணால் ஆன உண்கலத்திற்குப் பொன்னினும் மிக்க மதிப்பு இக்கதையில் அளிக்கப்பட்டிருக்கிறது. அடியார் வரிசையில் தில்லைவாழ் அந்தணர்க்கு அடுத்த இடம், கலம் வனைந்த இக்குயவருக்கே உரியதாயிற்று.

இத்துணைச் சிறப்புடைய மட்கலம் நம் உணவறையிலிருந்து விலகியது ஏன்? அது எளிதில் உடையும் என்பது ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஊர்ப்புறச் சூளையின் வெப்பம் பெரும்பாலும் 1000 பாகை செல்சியசை எட்டுவதில்லை. அவ்வெப்பத்தில் வெந்த மண்ணில் நுண்ணிய துளைகள் எஞ்சி நிற்கும். பானையில் ஊற்றிய நீர் குளிர்வதும் அத்துளைகளாலேயே. ஆனால், குளிர்ந்த நீருக்கு நன்மையான அத்துளைகள் குழம்பிற்கும் எண்ணெய்க்கும் தீமையாகின்றன. அவற்றை உறிஞ்சிக்கொண்டு நாற்றம் பற்றுகின்றன.

இக்குறையைத் தீயே தீர்த்து வைக்கும். தக்க களிமண்ணை 1200 முதல் 1300 பாகை வரை சுட்டால், மண்ணின் ஒரு பகுதி உருகித் துளைகளை அடைத்துவிடுகிறது; கலம் கல்லைப்போல் இறுகுகிறது. இதனையே ஆங்கிலத்தில் ஸ்டோன்வேர் என்பர். படிகக்கல், பெல்ஸ்பார், மரச்சாம்பல் முதலியவற்றை நீரில் கரைத்துப் பூசிச் சுட்டால், அப்பூச்சு உருகிக் கண்ணாடிபோல் படிகிறது. நம் வீடுகளில் உள்ள ஊறுகாய் ஜாடி இவ்வகையைச் சேர்ந்தது. உப்பும் புளிப்பும் அதனைத் தின்பதில்லை. பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்க வேண்டுமாயின் ஈயம் பூச வேண்டும். ஜாடிக்கு அது வேண்டுவதில்லை. ஊறுகாயைக் காக்கும் அவ்வகைக் கலம், ரசத்தையும் மோரையும் பழையதையும் ஏந்துவதற்குத் தடை என்ன?

கடலூர் மாவட்டத்தில் இதற்கு வேண்டிய பொருள்கள் அருகிலேயே உள்ளன. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டும்போது வெண்களிமண்ணும் கிடைக்கிறது. அண்மையில் உள்ள விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்றது. அத்தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் அரசு நிறுவனமும் அங்கு உண்டு. ஆனால் விருத்தாசலம் என்றவுடன் மக்கள் நினைவுக்கு வருவது பீங்கான் பொம்மையே. கொலுப்படிக்குச் சென்ற கைத்திறன் உணவறைக்கும் வருதல் வேண்டும்.

கையால் வனைந்த கலம் இக்காலத்தில் விலைபோகுமா என ஐயுறுவோர் கடலூருக்கு வடக்கே உள்ள புதுச்சேரியைப் பார்க்கலாம். அமெரிக்கரான டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் 1971-ஆம் ஆண்டில் அங்கே கோல்டன் பிரிட்ஜ் என்னும் மட்கலச் சாலையை நிறுவினர். தட்டும் கிண்ணமும் குவளையும் கையால் செய்து, கல்போல் இறுகச் சுட்டனர். அங்கே தொழில் கற்றவர் பலர் புதுச்சேரியிலும் ஆரோவில்லிலும் தனித்தனிச் சாலைகள் அமைத்தனர். இன்று அப்பகுதி இக்கலையில் நாடறிந்த ஊராக விளங்குகிறது.

ஆயினும், அக்கிண்ணங்கள் பெரும்பாலும் பெருநகர் வீடுகளுக்கும் விடுதிகளுக்குமே செல்கின்றன. கையுழைப்பும் எரிபொருளும் சேர்ந்து விலையை உயர்த்துகின்றன. ‘எவர்சில்வர் உடையாது; விலையும் குறைவு; அது போதாதா?’ என்று கேட்பவரை நாம் எளிதில் மறுக்க முடியாது. எவர்சில்வரை வீட்டைவிட்டு அகற்றுமாறு நான் கூறவில்லை. சுடுகஞ்சி ஊற்றிய எவர்சில்வர்க் கிண்ணத்தைக் கையில் ஏந்த இயலாது. தடித்த மட்கிண்ணத்தை ஏந்தலாம். கஞ்சியும் நெடுநேரம் சூடாக இருக்கும். வீட்டில் ஆளுக்கொரு நல்ல கிண்ணம் இருந்தால் போதும். பேணினால் அது பல்லாண்டு உழைக்கும். ஒரு குடும்பத்தின் தொழிலையும் வாழ்விக்கும்.

சோறுண்ணும் மற்றொரு நாடாகிய ஜப்பானில் இவ்வுண்மையை எடுத்துரைத்தவர் யானகி சோயெட்சு (1889–1961). பெயர் அறியப்படாத தொழிலாளர் அன்றாடப் பயனுக்குச் செய்த பொருள்களிலேயே உயர்ந்த அழகு உண்டு என்பது அவர் கொள்கை. அத்தகைய பொருள்களுக்கென 1936-ஆம் ஆண்டில் டோக்கியோவில் ஓர் அருங்காட்சியகம் அமைத்தார். கியோட்டோ நகரில் போற்றப்படும் கிசாயெமொன் என்னும் கொரியக் கிண்ணம் ஜப்பானின் தேசியச் செல்வமாக அறிவிக்கப்பட்டது. அதனை எளிய மக்களின் உணவுக்கிண்ணம் என்றே யானகி கருதினார். செய்தவர் பெயர் எவருக்கும் தெரியாது; செய்த கலத்தை ஒரு நாடே காத்து வருகிறது.

நாம் செய்ய வேண்டுவன மூன்று. குயவர் வீட்டுப் பிள்ளைகள் உயர்வெப்பத்தில் சுடும் முறையைக் கற்க வழி எளிதாக வேண்டும். தனியாகச் சூளை அமைக்க இயலாதவர் பொதுச்சூளையில் சுட்டுக்கொள்ள இடம் வேண்டும். வாங்குவோர்க்குக் கலத்தின் தரத்தை அறியும் கண் வேண்டும். முன்னிரண்டும் அரசும் தொழில் நிலையங்களும் செய்யத்தக்கவை. மூன்றாவதை மாணவரும் பயிலலாம். கிண்ணத்தை விரலால் தட்டுங்கள். விரிசல் இல்லாதது தெளிவாக ஒலிக்கும். விளிம்பைத் தடவுங்கள், உதட்டை உறுத்தாத வழவழப்பு இருத்தல் வேண்டும். நீர் ஊற்றி ஓர் இரவு வையுங்கள். காலையில் அடிப்புறம் ஈரமின்றி இருந்தால் அது நன்கு வெந்தது.

இவ்வாறு பார்த்து வாங்கும் பழக்கம் பரவினால், வனைபவரும் மேலும் திருந்த வனைவர். திருநீலகண்டர் வாழ்ந்த தில்லையிலும், களிமண் வளம் மிக்க கடலூர் மாவட்டம் முழுவதிலும், நம் மண்ணில் விளைந்த சோறு நம் மண்ணாலான கலத்தில் பரிமாறப்படுதல் தகும் அன்றோ?