சிக்கனம் அவர்களுக்குத் தெரியும்

போன மாதம் கம்மாபுரத்தில் மகளிர் குழுவினருக்கு ஒரு பயிற்சி வகுப்பு. ஓய்வுபெற்ற வங்கிக்காரன் என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் பேசிய தம்பி, வரவு செலவை நோட்டில் எழுதுங்கள், வீண் செலவைக் குறையுங்கள் என்று நன்றாகத்தான் பேசினார். பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா எழுந்து, "நூறு நாள் வேலைக் காசுல எதைத் தம்பி குறைக்கிறது?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அரிசிப் பானையிலும் சுருக்குப்பையிலும் காசு சேர்த்துக் குடும்பத்தைக் கரையேற்றியவர்களுக்கு நாம் போய்ச் சிக்கனம் சொல்லித்தருவதா? 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் அரசு மகளிர் குழுக்களைத் தொடங்கியபோது அடித்தளமாக இருந்ததே அவர்களுடைய சிறுசேமிப்புதான். மதுரைப் பக்கம் புல்லுச்சேரி சின்னப்பிள்ளை எழுதப் படிக்கத் தெரியாதவர். களஞ்சியம் குழுக்களை வளர்த்தார். டெல்லி விருது விழாவில் பிரதமர் வாஜ்பாயி அவர் காலைத் தொட்டு வணங்கியது நம் வயதுக்காரர்களுக்கு மறந்திருக்காது. 2019-இல் பத்மஸ்ரீயும் கிடைத்தது.

அவர்களுக்கு யாரும் சொல்லித்தராதது வட்டிக் கணக்கு. 10,000 ரூபாய் கடன், மாதம் 1,000 வீதம் 12 தவணை என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 12,000. நூற்றுக்கு இருபதுதானே என்று தோன்றும். பத்துப் புளியங்கொட்டையை மேசையில் வைத்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தேன். பாதி எடுத்ததும், "இப்ப கம்பெனிக் காசு உங்ககிட்ட எவ்வளவு இருக்கு?" என்றேன். "அஞ்சு" என்றார்கள். "வட்டி எத்தனைக்குக் கட்டுறீங்க?" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு ஒரு பெண், "பத்துக்கு" என்றாள். சரியாகக் கணக்குப் போட்டால் அந்த இருபது, ஆண்டுக்குச் சுமார் 35 சதவீதம்.

2022 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கி விதி ஒன்று இருக்கிறது. நுண்கடன் கொடுப்பவர்கள் ஆண்டு வட்டி விவரத்தை, வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தாளில் தர வேண்டும். முன்கூட்டியே கட்டி முடித்தால் அபராதம் கிடையாது. குடும்பத்தின் எல்லாத் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. இது தெரிந்தவர்கள் கை தூக்குங்கள் என்றேன். ஒரு கையும் எழவில்லை.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வேலையில் இருந்த காலத்தில், குழுப் பெண்கள் வரிசையில் நிற்க, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்துக் கொடுத்தவன் நான். ஒருவருக்கும் பத்திரத்தைப் படித்துக் காட்டியதில்லை. கூட்டம் அதிகம், நேரமில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வகுப்பு முடிந்ததும் அந்தப் பின்வரிசை அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, நான்காக மடித்த கடன் அட்டையை நீட்டினார். பார்த்து, என் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறேன்! அடுத்த செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள் யாராவது கூட வந்தால் நல்லது. பள்ளிக்கூடக் கணக்கு தெரிந்தால் போதும்.