காவல் நாயை நிறம் பார்த்து வாங்கலாமா?

உழவு மாடு வாங்கச் சந்தைக்குச் செல்லும் குடியானவர் எவரும் அதன் நிறத்தை மாத்திரம் கண்டு பணத்தை எண்ணிக் கொடுப்பதில்லை. பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், நடக்கவிட்டுப் பார்க்கிறார், கூடுமானால் ஏரிலோ வண்டியிலோ பூட்டிப் பார்த்த பின்னரே விலை பேசுகிறார். (சுழி பார்க்கும் வழக்கத்தைப் பற்றி இங்கே விவாதம் வேண்டாம்.) இத்தனை ஜாக்கிரதையுள்ள அதே மனிதர், தோட்டத்திற்கும் களத்திற்கும் காவலாக ஒரு நாய்க்குட்டி வாங்க நேரும்பொழுது, "நல்ல வெள்ளையாக இருக்கிறதா?" என்ற ஒரே கேள்வியுடன் திருப்தியடைந்து விடுகிறார். மாடு ஏமாற்றினால் அடுத்த சந்தையில் தள்ளிவிடலாம். நாயோ பத்துப் பன்னிரண்டு வருஷம் வீட்டில் இருந்தே தீரும்; இல்லையேல் தெருவில் விடப்பட்டு ஊருக்கே தொல்லையாகும்.

நாயின் ஜாதியைத் தெரிந்தெடுக்கும் விஷயத்தில் நம்மவர் மாத்திரம் இப்படி என்று எண்ண வேண்டாம். 1961-இல் முதலில் வெளிவந்த 'நூற்றொரு டால்மேஷியன்கள்' என்னும் சித்திரப் படம் 1985-இல் அமெரிக்காவில் மீண்டும் திரையிடப்பட்டது. அவ்வருஷம் அமெரிக்கன் கென்னல் கிளப்பின் பதிவேட்டில் ஏறிய டால்மேஷியன் நாய்கள் 8,170. 1993-இல் ஏறியவை 42,816. படத்தில் கண்ட வெள்ளைத் தோலும் கரும் புள்ளிகளுமே இந்த ஐந்து மடங்குப் பெருக்கத்திற்குக் காரணமேயன்றி, அந்த நாயின் குணமோ தேகசௌக்கியமோ அன்று. நம் தேசத்திலும் 2003-இல் ஒரு தொலைபேசிக் கம்பெனியின் விளம்பரத்தில் சிறுவன் பின்னால் ஓடிய பக் நாயைக் கண்டு, மூச்சுவிடவே திணறும் அந்தச் சப்பை மூக்கு ஜாதியை வெயில் நாட்டில் வாங்கி வைத்துக்கொண்டு அவதிப்பட்டவர் பலர்.

டால்மேஷியன் விஷயத்தை எடுத்துக் கூறியதற்கு வேறொரு காரணமும் உண்டு. அமெரிக்காவில் பரிசோதித்த அளவில், அந்த ஜாதியில் சுமார் 100-க்கு 30 நாய்கள் ஒரு காதிலோ இரு காதிலோ செவிடாகப் பிறக்கின்றன. தோலுக்கும் மயிருக்கும் நிறம் கொடுக்கும் நுண்ணிய அணுக்களே உட்செவியிலும் இருந்து, கேள்விப் புலனைப் போஷித்து நிலைநிறுத்துகின்றன. அவ்வணுக்கள் செவிக்குள் சென்று சேராவிட்டால், குட்டி பிறந்த சில வாரங்களுக்குள் கேட்கும் கருவி தானே நசித்துப்போகிறது. பிறவியிலேயே பெரிய கருந்திட்டுடன் பிறக்கும் டால்மேஷியன் குட்டிகளில் செவிடு குறைவு என்பது கண்டறியப்பட்ட உண்மை. ஆயினும் அழகுப் போட்டி விதிகளின்படி அத்திட்டுள்ள குட்டிகளே தள்ளுபடி! காது கேட்பதைக் கழித்துவிட்டு, கேளாததை வளர்க்கும் விந்தை இது.

இந்த விந்தை நம் ராஜபாளையம் நாயிடமும் நடந்து வருகிறது என்பதே இக்கட்டுரையின் கவலை. நம் தென் ஜில்லாக்களின் நாய்கள் எல்லாம் வேலையினால் உருவானவை. ராஜபாளையம் பன்றி வேட்டைக்கும் காவலுக்கும், சிப்பிப்பாறையும் கன்னியும் முயலை ஓடிப் பிடிப்பதற்கும், கோம்பை காவலுக்கும் மலையடிவார வேட்டைக்கும் பயன்பட்டன. காட்டில் எஜமானன் குரல் கேளாத நாய் அன்றைக்கே வெளிப்பட்டுவிடும். அதனிடம் எவரும் குட்டி எடுக்கமாட்டார். ஜாதியைச் சோதித்தது வேலைதான். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991-இல் அதற்குச் செய்த திருத்தமும் வந்தபின் வேட்டை குற்றமாயிற்று. அது நியாயமே. ஆனால் வேட்டையோடு கூடவே அந்தச் சோதனையும் போய்விட்டது. அதன் இடத்தில் வந்து உட்கார்ந்ததோ கண்ணுக்குத் தெரியும் நிறம்.

2005-இல் தபால் தலையில் ராஜபாளையம் நாயின் உருவம் அச்சாயிற்று. 2020 ஆகஸ்டில் பிரதமர் தமது வானொலிப் பேச்சில் நம் நான்கு ஜாதிகளையும் பெயர் சொல்லிப் புகழ்ந்தார். நாட்டு நாய்களை விரும்புவோர் தொகை பெருகியது சந்தோஷமே. ஆனால் விருப்பம் பெருகும்போது குட்டி விற்பவர், வாங்குபவர் கேட்பதையே உற்பத்தி செய்வார். வாங்குபவர் கேட்பது பாலைப் போன்ற வெண்மையும் ரோஜா நிற மூக்கும். ஆகவே பழுப்புக் காதுள்ள குட்டியும் முதுகில் திட்டுள்ள குட்டியும் விலை போகாமல் நிற்கின்றன. வெண்மை கெடக்கூடாதென்று ஒரே வீட்டுக் குட்டிகளைத் தங்களுக்குள் சேர்ப்பதும் நடக்கிறது. பொலி காளையைச் சொந்தக் கன்றோடு சேர்க்கத் தயங்கும் குடியானவர் நாய் விஷயத்தில் அதை ஏன் பொறுக்கிறாரோ தெரியவில்லை.

வெண்மை எல்லாமே தீங்கன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். உடல் முழுதும் வெள்ளையாய், மூக்கும் உதடும் கண்ணிமை ஓரமும் கறுத்திருக்கும் நாய்கள் உண்டு. வீடுகளில் பொமரேனியன் என்று தவறாக அழைக்கப்படும் ஸ்பிட்ஸ் அத்தகையது. அதற்கு நிறமணுக்கள் குறைவில்லை. மயிர் மாத்திரம் வெளிறியது. மூக்கும் இமையும்கூட ரத்த நிறமாய்த் தோன்றும் குட்டியிடத்தில்தான் சந்தேகம் கொள்ள வேண்டும். அப்படிப்பட்டதும் நன்றாகக் காது கேட்பதாக இருக்கலாம். சோதியாமல் வாங்கலாகாது என்பதே நம் கட்சி.

சோதனை சிரமமானதன்று. குட்டி ஆறு வாரம் கடந்திருக்க வேண்டும். கூட்டத்தில் இருக்கும் செவிட்டுக் குட்டி மற்றவை எழுந்தால் தானும் எழும், ஓடினால் தானும் ஓடும். ஆகையால் விற்பவருக்கே அதன் குறை தெரியாமல் இருப்பது சகஜம். அதைத் தனியே எடுத்துச் சென்று தூங்க விட்டு, அதன் பார்வைக்கும் மோப்பத்திற்கும் படாமல் பின்புறமாக நின்று மாட்டு மணியை ஒரு தரம் அசைக்க வேண்டும். கையைத் தட்டினால் காற்று அசைந்து மேலே படும், காலைத் தட்டினால் தரை அதிரும், இரண்டும் ஏமாற்றிவிடும். மணிச் சத்தத்திற்கு விழித்துச் சத்தம் வந்த பக்கமே தலை திருப்புகிறதா என்று பார்க்க வேண்டும். விழித்தும் திசை தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தால் ஒரு காது கேளாதிருக்கலாம். அதைத் திட்டமாக அறிய, ஒலிக்கு மூளையில் எழும் மின் அசைவை அளக்கும் யந்திரம் வேண்டும். தாய் நாயையும், கூடுமானால் தகப்பன் நாயையும் நேரில் பார்த்து, அவற்றுக்கும் இதே மணியை அசைத்துப் பார்ப்பது உத்தமம்.

செவிட்டு நாய் காவலுக்கு உதவாது என்பது சிறு நஷ்டம். தூங்கும்பொழுது குழந்தை வந்து தொட்டால் அது திடுக்கிட்டுக் கடிக்கும். பெரும் தீங்கு அதுவே. அதை அடித்து விரட்டுவதால் பயனில்லை. கையால் சைகை காட்டிப் பழக்கி, வேலிக்குள் வைத்து வளர்க்கலாம். ஆனால் அதனிடம் குட்டி எடுக்கக் கூடாது. ஒரு காது கேளாததிடமும் எடுக்கக் கூடாது. என் அபிப்பிராயத்தில், கறுத்த மூக்கும் நிறத்திட்டும் உள்ள ராஜபாளையம் நாயைக் கலப்பு என்று இகழாமல் இனப்பெருக்கத்தில் சேர்த்துக் கொள்வதே அந்த ஜாதியைக் காக்கும் வழி. சுத்த வெண்மையே லட்சணம் என்று வாதிப்பவர்கள் இதை ஒப்பமாட்டார்கள் என்பது தெரிந்ததே.

மற்ற ஜாதிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணில் பட்டதைத் துரத்தும் சுபாவமுடையவை. ஓட இடமின்றிச் சங்கிலியில் கட்டி வைத்தால் குணம் கெடும், கோழியும் ஆட்டுக்குட்டியும் உள்ள வீட்டில் சிறுவயதிலிருந்தே பழக்காவிட்டால் சேதம் உண்டாகும். ஆட்டுக் கிடைக்கு வேண்டியது ஜாதிப் பெயரன்று. கிடையை விட்டு அகலாத தாயின் குட்டியை, தாய்ப்பால் மறந்த நாள் முதல் ஆடுகளுக்கிடையே வளர்ப்பதே முக்கியம். சாதாரண நாட்டு நாய் அதற்குப் போதும். பனி நாட்டிற்கென்று இரட்டை மயிர்ப் போர்வையோடு பிறந்த ஹஸ்கியை நம் சித்திரை வெயிலில் கட்டி வைப்பவரிடம் என்ன சொல்வது!

கிராம அதிகாரிகளும் இவ்விஷயத்தில் உதவி செய்யலாம். 2017-ஆம் வருஷத்து நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி எட்டு வாரத்திற்குட்பட்ட குட்டியை விற்கலாகாது. விற்பனைக்காகக் குட்டி எடுப்பவர் பதிவு செய்துகொள்ளவும் வேண்டும். இதைக் குட்டி விற்பவருக்கும் வாங்குபவருக்கும் எடுத்துச் சொன்னால், காது சோதிக்க வேண்டிய வயதும் விற்கும் வயதும் தாமே பொருந்தி வரும். மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பு ஊசி போட்டு, அதன்பின் வருஷந்தோறும் கால்நடை வைத்தியசாலையில் காட்டுவது எந்த ஜாதி நாய்க்கும் பொது. வைத்தியசாலைக்குப் போகும்பொழுது அந்த மாட்டு மணியையும் மடியில் எடுத்துச் சென்றால், சந்தேகமுள்ள குட்டியை மருத்துவர் எதிரிலேயே இன்னொரு முறை சோதித்துக் கொள்ளலாம்.